காணாமல் போன எண்பது வோல்ட்

அந்த வீட்டில் மூன்று வருடமாக மின்சாரம் மிக ஒழுக்கமாக நடந்துகொண்டது. ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருந்த ஸ்டெபிலைசரின் முள், இருநூற்று இருபதில் நின்றது நின்றபடி நின்றது. விளக்கு அழுது வடிந்தாலும், மின்விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்தபடியே எண்ண முடிந்தாலும், வீட்டுக்காரர் முள்ளைத்தான் சுட்டிக் காட்டுவார். பதிவேட்டுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கண்ணால் கண்டதை நம்பி ஒருநாளும் ஏமாந்ததில்லை.

அவர் மனைவி தையல்காரி. கண்ணை நம்பித்தான் அவள் பிழைப்பு. கணவரின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது. ஒருநாள் குப்பியைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரால் ஸ்டெபிலைசரைத் திறந்தாள். கரி பிடித்திருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாள். முள்ளுக்கு அடியில் செத்துப்போன கரப்பான் ஒன்று முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இத்தனை நாளும் மின்சாரத்தைத் தாங்கிப் பிடித்தது அதுதான். ஊசியால் நெம்பி எறிந்தாள்.

பிளக்கைச் செருகியதும் பெட்டி 'டக்' என்றது. முள் நூற்று நாற்பதுக்கு விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது.

"பெட்டி சரியாயிடுச்சுங்க. கரண்ட்தான் சரியில்ல. இவ்வளவு குறைச்சலா வந்தா மோட்டார் எரிஞ்சிடும்னு அதுவே நிறுத்திடுது" என்றாள்.

"நேத்து வரைக்கும் இருநூத்தி இருபது இருந்துச்சே. நீ கை வெச்சதும் எண்பது போயிடுச்சு" என்றார் அவர், குடி முழுகிப்போன குரலில்.

மருந்தை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்துவிட்டு, மின்சார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். நான்காம் நாள் பொறியாளர் வந்தார். அவர் கையில் மீட்டர் இல்லை, கோப்பு இருந்தது.

"ரிப்பேருக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு?"

"இருநூத்தி இருபது. ஆனா சார், அது கரப்பான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. இப்போ?"

"நூத்தி நாப்பது."

"அப்போ மீதி எண்பது வோல்ட் எங்கே?"

"உங்க கம்பத்துலயே இல்ல சார். நீங்களே அளந்து பாருங்களேன்."

"அளந்தா, எதுக்கு அளந்தேன்னு மேலிடத்துல கேப்பாங்க."

அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. ஒருவர் வாங்கிய பெட்டியையே எல்லோரும் வாங்குவது அங்கே நாகரிகம். வாங்கியதைத் திறந்து பார்ப்பது அநாகரிகம். "எங்க வீட்ல எல்லாம் இருநூத்தி இருபதுதான் சார். அக்கா வீட்லதான் குறையுது" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்.

இரண்டே நாளில் உத்தரவு வந்தது: 'மேற்படி நுகர்வோர், முறையான முன்னனுமதியின்றிச் சாதனத்தைத் திறந்ததன் விளைவாக ஏற்பட்ட எண்பது வோல்ட் இழப்பை ஏழு தினங்களுக்குள் ஈடுசெய்யத் தவறும்பட்சத்தில், இணைப்பு துண்டிக்கப்படும்.'

ஆறு நாள் பொறுத்தாள். ஏழாம் நாள் பெட்டியைத் திறந்து, ஒரு குண்டூசியை வளைத்து, முள்ளை இருநூற்று இருபதில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். பொறியாளர் வந்து பார்த்து, 'இழப்பு முழுமையாக மீட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சிவப்பு லைட் எரியுது, ஃபிரிட்ஜ் ஓடலையே சார்?"

"அது ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரன் பாடு. எங்க பொறுப்பு முள்ளோட முடிஞ்சுது."

எதிர்வீட்டுக்காரி தன் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, எங்களுக்கு இருநூத்தி நாப்பதா வெச்சுக் குடுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க."

வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. முதல் காரியமாக மருந்தைப் பானையிலிருந்து எடுத்து, ஓடாத ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

"ஏங்க, உள்ள அடுப்பு மாதிரி புழுங்குது. பானையிலயே இருக்கட்டும்."

"பானைக்கு முள் இருக்கா? எந்த ஆதாரத்துல அதை நம்புறது?"

அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்து பார்த்தாள். அவர் அசையவில்லை. கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அவர் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபடி, அவளுடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டர். அதில் முந்நூற்று அறுபது. அவள் பதறிப்போய் ஆஸ்பத்திரிப் பையைத் தேடினாள்.

"பை எதுக்கு? அந்த ஸ்க்ரூடிரைவரை எடு" என்றார் அவர். "இதை நூத்தி இருபதுல நிறுத்து."