டைம் கீப்பர் நிறுத்தி வைத்த ஃபைனல்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் நேரத்துக்கு இத்தனை விசுவாசமாகவும், அதனாலேயே ஊராருக்கு இத்தனை உபத்திரவமாகவும் இன்னொரு மனிதர் இருந்ததில்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. டைம் கீப்பர் என்றால் நாய்கூட வழிகாட்டும்.

தனியார் பஸ்களை நிமிடம் பிசகாமல் விசிலடித்து விரட்டுவது அவர் வேலை. ஒருமுறை அவர் மனைவி சீட்டில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். டைம் ஆகிவிட்டது, விசில் அடித்துவிட்டார். பை சிதம்பரம் போனது, அந்த அம்மா பாட்டிலோடு நின்றார். ஒரு செகண்டு பொறுத்தால் என்ன என்று கேட்டதற்கு, "அப்புறம் எல்லாரோட பொண்டாட்டிக்கும் நிக்கணும்" என்றார்.

இந்த ஆளைத்தான் எங்கள் கபடி லீக்குக்கு நேரம் பார்க்க வைத்தார்கள்.

அந்த லீக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாதது உங்கள் அதிர்ஷ்டம். டி.வி.யில் கபடிக்கு மவுசு வந்ததும் நம்ம பக்கத்துப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேருக்கு டீம் வைத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. வருஷா வருஷம் கூரையைப் பறிகொடுக்கிற ஊரின் அணிக்குக் ‘கடலூர் புயல்’ என்று பெயர் வைத்தார் எங்கள் ஓனர். பிளாட் போட்டு விற்பவர். நெல்லிக்குப்பம் அணிக்குக் ‘கரும்பு யானைகள்’ என்று பெயர். கரும்புக் கொல்லையில் யானை புகுந்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு விவசாயியையாவது கேட்டிருக்கலாம்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீரர்கள் ஏலம் நடந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை கூவிப் பார்த்துவிட்டு, வேறொரு ரைடரை எடுத்த எங்கள் ஓனரிடம் என்னைச் சும்மா தள்ளிவிட்டார்கள், கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை தருவது போல. அன்றிலிருந்து டைம் கீப்பர் வாயில் என் பெயர் கொசுறு. அந்த சீசன் முழுக்க நான் களத்தில் இறங்கவே இல்லை. துண்டு மடித்தேன், தண்ணீர் கொடுத்தேன். வீட்டில் மட்டும் ஃபைனல் ஆடியதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஃபைனல் சிதம்பரத்தில், சிதம்பரம் அணியோடு. இருபத்தேழுக்கு இருபத்தேழு. ஒரு நிமிடம் நாற்பது செகண்டு பாக்கி இருக்கும்போது மழை கொட்டியது. டைம் கீப்பர் வாட்ச்சை நிறுத்தினார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் ஓனர்கள். மறுநாள் போனால் ஓனரும் இல்லை, லீக்கும் இல்லை, தரையில் விரித்திருந்த மேட்கூட இல்லை. வாடகைக்காரன் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆடிய பதினாலு பேரும், துண்டு மடித்த நானும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டோம். டைம் கீப்பர் மட்டும் போகவில்லை. அவர் சட்டைப் பையில் அதற்கப்புறம் இரண்டு வாட்ச். ஒன்று பஸ்ஸுக்கு, ஓடும். இன்னொன்று எங்களுக்கு, நிற்கும். எந்த வீரருக்குக் கல்யாணம் என்றாலும் மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிசம் நாப்பது செகண்டுதான், எப்ப வர்ற?" என்பார். பெண் வீட்டார் வெலவெலத்துப் போவார்கள்.

"செத்துப்போன லீக்குக்கு இன்னும் எதுக்கு மாமா பாடை கட்றீங்க?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"எடுத்த டிரிப்ப பாதி ரோட்டுல உட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா ஓனரா?" என்றார். "ஸ்கோர் சீட்டுல கடைசிக் கட்டம் காலியாக் கெடக்குது. அத ரொப்பாம நான் ரிட்டயர் ஆவ மாட்டேன்."

இந்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். அதனால் தொல்லை உச்சத்துக்குப் போனது. கண்டக்டர்கள் மூலம் ஆள் மேல் ஆள் அனுப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் அதே மைதானத்துக்குப் பதின்மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எங்கள் பக்கம் ஒருவன் மட்டும் துபாயில். டைம் கீப்பர் என்னைப் பார்த்தார்.

"கொசுறு, நீ எறங்கு."

பழைய ஜெர்சி என் தொப்புளோடு நின்றுவிட்டது. விசில் அடித்தார், ஆட்டம் தொடர்ந்தது. அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சிதம்பரத்து ரைடரை ஒரு காலத்தில் மின்னல் என்பார்கள். இப்போது அங்கே ஹோட்டல் வைத்திருக்கிறார், சமைப்பதில் பாதியை அவரே சாப்பிடுவார் போலிருக்கிறது. அவர் வந்தார், மூச்சிரைத்தார், யாரையும் தொடாமல் தொப்பையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோனார். எங்கள் ஆள் போனான், முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். மின்னல் மறுபடி வந்து மறுபடி போனார். ஸ்கோர் அசையவில்லை. கடைசி ரைடுக்குப் போக எங்கள் பக்கம் நிமிர்ந்து நிற்கிற முட்டி என்னுடையது மட்டும்தான்.

போனேன். வாழ்நாளில் முதல் ரைடு. பத்து தடவை ‘கபடி’ சொல்வதற்குள் ஏழு பேரும் வளைத்துவிட்டார்கள். மின்னலின் கை என் கணுக்காலில் விழுந்தது. நான் சாய்கிறேன், சாய்ந்தால் அவுட், கோப்பை சிதம்பரத்துக்கு.

விசில் கேட்டது.

"நிறுத்து. மழ வருது" என்றார் டைம் கீப்பர்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் பேருக்கு ஒரு மேகம்கூட இல்லை. கட்டிய மனைவிக்கு ஒரு செகண்டு கொடுக்காத மனிதர், வாட்ச்சின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். மின்னல் என் காலைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்து, உள்ளங்கையை வானத்துக்கு நீட்டினார்.

"ஆமா மச்சான், தூறுது" என்றார்.

பதின்மூன்று பேரும் மழைக்கு ஒதுங்குவது போல மரத்தடிக்கு நடந்தார்கள்.

"மிச்சம் நாலு செகண்டு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று வாட்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்கோர் சீட்டின் கடைசிக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பாமலே ரிட்டயர் ஆகிவிட்டார்.

சுத்தக் கிறுக்கு. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தினமும் காலையில் நான் சில்வர் பீச்சில் ஓடப் போகிறேன். ஏலத்தில் யாரும் கேட்காத என்னை அவர் தன் சட்டைப் பையில், அவுட் ஆகாமல், நாலு செகண்டு பாக்கியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்.