பத்திரமான இடம்

உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் இப்போது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காட்டில் பவளம் என்று ஒரு அணில் இருந்தாள். கத்தரிக்கோல் தேடப் போவாள். வழியில் ஈரத்துணி கண்ணில் படும். அதைக் காயப்போடப் போனால் பால் பொங்கும். பாலை இறக்கிவிட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்பாள். ஆந்தை டாக்டர் இதற்குக் கவனச்சிதறல் என்று பெயர் சொன்னார். அக்கம்பக்கத்தில் சோம்பேறித்தனம் என்றார்கள்.

அவள் பொந்தில் எல்லாம் ஒரே குவியல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் அதில்தான். ஆனால் எது கேட்டாலும் ஒரு பார்வை பார்த்து உருவிக் கொடுத்துவிடுவாள். மூடி போட்டு வைத்தால் மட்டும் அந்தப் பொருள் அவளுக்கு உலகத்திலேயே கிடையாது.

மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். திங்கள்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பிறப்புச் சான்றிதழ் வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று கொக்கு வாத்தியார் சொல்லிவிட்டார்.

பக்கத்துப் புற்று எறும்பக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்பது டப்பாக்களோடு வந்து இறங்கினாள்.

"இதெல்லாம் ஒரு வீடா பவளம்? நீ கொஞ்சம் ஓரமா உக்காரு."

சாயங்காலம் பொந்து பளபளத்தது. நாற்பது டப்பா, நாற்பது மூடி, எல்லாம் ஒரே பச்சை. வீடு மாறி நிற்கிறோமோ என்று பவளம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கள்கிழமை மணி பதினொன்று.

"அக்கா, பாப்பாவோட சர்டிபிகேட் எங்க?"

"முக்கியமான காகிதமாச்சே. தனியா பத்திரமா வெச்சிருக்கேன்."

"எந்த டப்பா?"

"எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன்டி."

"நோட்டு?"

எறும்பக்கா மீசையை நீவினாள். "அதையும் பத்திரமாத்தான் வெச்சேன்."

அக்கா தேடத் தொடங்கினாள். ஒரு டப்பாவைத் திரும்ப அடுக்கி மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பாள். ஒன்பதாவது டப்பாவுக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால். தலை பின்னிப் பூ வைத்து நின்ற பாப்பா, "அடுத்த வருஷமாம்மா?" என்றாள்.

பவளம் எழுந்தாள். "அக்கா, நீங்க கொஞ்சம் ஓரமா உக்காருங்க."

நாற்பதையும் தரையில் கவிழ்த்தாள். பழைய குவியல் எழுந்தது. ஒரு பார்வை. சீப்புக்கும் இட்லித் துணிக்கும் நடுவிலிருந்து சான்றிதழை உருவிக்கொண்டு, பாப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மணி அடிக்கிற நேரத்துக்குப் பள்ளி வாசலில் நின்றார்கள். கொக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பவளமா நேரத்துக்கு வந்தது? எப்படிம்மா?"

"நேத்து எறும்பக்கா வந்து வீட்டை ஒழுங்குபண்ணினாங்க சார்."

ஒரு மரியாதைக்குத்தான் சொன்னாள். அடுத்த வாரமே எறும்பக்கா காட்டுத் தாய்மார்களுக்கு ஒழுங்குப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்துவிட்டாள். பவளத்துக்கு முதல் வரிசையில் இடம்.

நீதி: நல்லதாக ஒன்று எழுதி, பத்திரமாகத்தான் எடுத்து வைத்தேன். கத்தரிக்கோலைத் தேடும்போது உங்கள் கண்ணில் பட்டால், கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.