தொப் அங்கிள் விழுந்த புல்வெளி

சிங்கப்பூரில் தொப் அங்கிளைப்போல் விழத் தெரிந்தவர் இன்னொருவர் கிடையாது. மழை ஈரத்தில் வழுக்குகிறவர்களும், எஸ்கலேட்டரில் செருப்பு மாட்டித் தடுமாறுகிறவர்களும் வெறும் கற்றுக்குட்டிகள். இவர் விழுந்தால் பார்த்தவர்களுக்கு இடுப்பு வலிக்கும்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் கோயிலில் யாருக்கும் நினைவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில், இயேசுவைப் பிடிக்க வரும் சிப்பாய்கள் அவர் குரலைக் கேட்டதும் பின்வாங்கித் தரையில் விழவேண்டும். மற்ற சிப்பாய்கள் சட்டை அழுக்காகாமல், சோபாவில் சாய்வதுபோல் சாய்வார்கள். இவரோ ஈட்டி ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமும் பறக்க, வெட்டிய வாழையாக மல்லாந்தார். தொப்! இயேசுவாக நடித்தவர் வசனத்தை மறந்து, "அண்ணே, அடி பட்டுருச்சா?" என்று குனிந்து கேட்டுவிட்டார். பெயர் அன்று வந்தது.

மேடையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தேக்கா சந்தையில் கடைசி ஆட்டுக்காலுக்காக இரண்டு பேர் கைகலக்கப் போனபோது, இவர் நியாயம் பேசவில்லை. ஐந்தடி தள்ளிப் போய் விழுந்தார். சண்டைக்காரர்கள் இருவரும் ஓடி வந்து ஆளுக்கொரு கையாகத் தூக்கினார்கள். ஒருவர் பால் கலக்காத தே ஓ டீ வாங்கிக் கொடுத்தார். ஆட்டுக்காலை மூன்றாவது ஆள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலைந்து முறை ஏமாந்தபின் கோயிலில் யாரும் அசைவதில்லை. அவர் விழுந்தால் கைப்பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓடினேன். என் சுபாவம் அப்படி. மகள் ஜெனி இரண்டு ரிங்கில் ஃபோனை எடுக்காவிட்டால் என் மனத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிடும். பதினேழு வயதுப் பெண்ணின் தாய்க்கு இது அதிகமில்லை என்று நான் நினைக்கிறேன். ஜெனி அப்படி நினைக்கவில்லை.

அந்த ஜெனி ஜூன் விடுமுறையில், தொப் அங்கிள் கிராஞ்சியில் நடத்தும் செடி நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் குறைவு, வெயில், பாம்பு, லாரி. நான் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் புக்கிட் மேராவிலிருந்து கிளம்பிப் போனேன். நர்சரிக்குப் பக்கத்துக் காலிப் புல்வெளியில் குறுக்கே நடந்தால் சீக்கிரம் சேரலாம் என்று இறங்கினேன்.

தூரத்தில் நின்ற தொப் அங்கிள் என்னைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தார். "ஐயோ!" என்று அலறி விழுந்தார்.

ஓடினேன். நெருங்கியதும் எழுந்தார். ஒரு கையைத் தொங்கவிட்டு, காலை இழுத்துக்கொண்டு, வேலிப் பக்கமாக விரைந்து போய் மறுபடி விழுந்தார். மாரடைப்பு வந்தவர் இவ்வளவு வேகமாக ஓடுவாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஃபோனை எடுத்துக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். வேலியோரம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"ஃபோனை உள்ள வைங்க தங்கச்சி. ஒண்ணுமில்ல. நீங்க வந்த வழியில பறவை முட்டை கிடக்கு."

"முட்டையா? நெஞ்சைப் பிடிச்சீங்களே அண்ணே!"

"அங்கேயே நில்லுங்கன்னு கத்தினா நிப்பீங்களா? ஏன், என்னன்னு கேட்டுக்கிட்டே இன்னும் நாலடி வைப்பீங்க. விழுந்தா நேரா என்கிட்ட வந்துருவீங்க. அந்தத் தாய்ப்பறவை செய்யுறதத்தான் நானும் செஞ்சேன்லா."

அவர் காட்டிய இடத்தில் ஒரு பறவை. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல், எரிச்சலான முகம். ஆள்காட்டி. என்னைப் பார்த்துக் கத்திய கத்தலில் நானே வெட்கப்பட்டேன். எனக்குப் பழக்கமான தொனி அது.

ஆள்காட்டி கூடே கட்டாது. வெறும் தரையில் சின்னக் குழி பறித்து, நாலு சரளைக்கல்லை ஓரம் கட்டி, மண்நிறப் புள்ளி முட்டைகளை வெட்டவெளியில் வைத்துவிடும். பிறகு பகல் முழுக்கப் பதறும். ஆள் வந்தால் முட்டையை விட்டுத் தள்ளிப் போய், இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுபடும். துரத்திப் போனால் நீங்கள் ஏமாந்தீர்கள். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். தொப் அங்கிளும் குழாயில் டீ ஷர்ட்டை நனைத்துக்கொண்டு வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது எதற்கு என்று கேட்டால், "சும்மா, ஒரு கம்பெனி" என்றார்.

"முட்டை பக்கத்துல அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கொடி நட்டு வைக்கலாமே அண்ணே?"

"காக்காவுக்கு மெனு கார்டு நீட்டச் சொல்றீங்களா?"

அடுத்த சனிக்கிழமையும் போனேன். நான்கு முட்டைகளும் பொரித்திருந்தன. பொரித்த அன்றே குஞ்சுகள் எழுந்து நடக்குமாம். அதைக் கேட்டே எனக்கு மூச்சு அடைத்தது. தாய் அபாயக் குரல் கொடுத்தால் மட்டும் இருந்த இடத்தில் அசையாமல் படுத்துவிடும். நான் குரல் கொடுத்தால் ஜெனி இயர்ஃபோனை மாட்டுவாள்.

தொப் அங்கிள் சிராங்கூன் ரோட்டுக்குத் துளசித் தொட்டிகள் கொண்டு போயிருந்தார். அப்போது மண் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நர்சரி வாசலில் திரும்ப இடமில்லாமல் புல்வெளிக்குள் பின்பக்கமாக வந்தது. ஆள்காட்டி அலறியது. குஞ்சுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. லாரி வரும் வழியிலேயே படுத்துவிட்டன.

ஜெனி ஓடினாள். லாரிக்குப் பின்னால். சக்கரத்துக்கு நேராகக் குனிந்தாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவள் தெரியவில்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் கதவுக்கு நேராக நான் தரையில் கிடந்தேன். விழுந்தேனா, கால் விட்டுப்போனதா, இன்றுவரை தெரியாது.

லாரி நின்றது. "அக்கா! என்னாச்சு அக்கா?" என்று தமிழ்நாட்டுப் பையன் குதித்து இறங்கினான்.

அவன் திரும்பி ஏறிவிட்டால்? எழுந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, பதினைந்தடி தள்ளிப் போய் மறுபடி விழுந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். நான் இன்னொரு முறை எழுந்து நொண்டினேன். பாவம், தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டே வந்தான்.

ஜெனி தன் தொப்பிக்குள் நான்கு குஞ்சுகளையும் அள்ளிக்கொண்டு ஓரத்துப் புல்லுக்கு வந்தாள். நன்றியாகத் தாய்ப்பறவை அவள் தலையைக் குறிவைத்து இரண்டு முறை பாய்ந்தது.

"மா, நீங்க ஆக்டிங்கா?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் முதுகில் ஓர் அடி வைத்தேன். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டேன்.

தொப் அங்கிள் திரும்பி வந்ததும் ஓட்டுநர்ப் பையன் எல்லாவற்றையும் நடித்தே காட்டினான். தொப் அங்கிள் யோசித்தார். "முதல் விழுகை நல்லா இருந்திருக்கு. ரெண்டாவது கொஞ்சம் ஓவர்லா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஜெனி குனிந்த இடத்தையும் சக்கரத் தடத்தையும் பார்த்தார். சிரிப்பு நின்றது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும், மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"முட்டை போனா அது மறுபடி போடும் தங்கச்சி. புள்ள..." என்றார்.

அன்றே வாசலருகே லாரி திரும்ப இடம் ஒதுக்கினார். அதற்காக அவருக்குப் பிடித்த போகன்வில்லா வரிசை முழுவதையும் பிடுங்கினார்.

இந்த ஞாயிறும் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்தார். எல்லோரும் கைப்பையை நகர்த்திக்கொண்டார்கள். ஜெனி, "மா, நடிப்புமா" என்றாள். தெரியும். அதற்குள் நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருந்தேன்.