முன்பல்லும் மடக்குக் கத்தியும்

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் காகிதம் இருக்கும். காகிதம் சேர்ந்தால் கட்டு ஆகும். கட்டு ஆகிவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் யாராவது அதைக் கேட்பார்கள். கேட்டால் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இந்த உலக ஒழுங்கில் அவிழ்க்கும் பொறுப்பைக் கடவுள் எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தார். அவர் பதிவறையில் வேலை பார்க்கிறவர்.

கட்டுகிற ஆள் வேறு. அந்தப் புண்ணியவான் நூலை ஈரமாக்கி இழுத்து, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு வைப்பார். காய்ந்த பிறகு அது முடிச்சாக இருக்காது, கல்லாக இருக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கோ விரல் மூட்டெல்லாம் இறுகிப்போய்விட்டது. சட்டைப் பொத்தானே நான்தான் போட்டுவிடுகிறேன்.

பதிவறையில் முன்பு ஒரு கத்தரிக்கோல் இருந்தது. யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று அதை மேசைக்காலோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பிறகு அந்த மேசையை வேறு கிளைக்கு மாற்றினார்கள். கத்தரிக்கோலும் மிகப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அவர் நூலைப் பல்லால் கடித்து அறுக்க ஆரம்பித்தார். முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்தது. காய் நறுக்கும் கத்தியைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பினேன். வாசலில் காவலாளி பிடித்துக்கொண்டார்.

"சார், தனிப்பட்ட கூர்மையான பொருள் உள்ள போகக் கூடாது. ஆபீஸ் குடுத்த கத்தின்னா பரவாயில்லை."

"ஆபீஸ் குடுக்கலையே அப்பா. பல்லாலதான் கடிக்கிறேன். இதுவும் தனிப்பட்ட கூர்மையான பொருள்தானே?" என்று இவர் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.

காவலாளி கடமை தவறாதவர். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "இது கூர்மையா இல்லை சார், நீங்க போங்க" என்று விட்டுவிட்டார்.

நான் கடவுளிடம் முறையிட்டேன். "சாமி, உன்கிட்ட எத்தனையோ பேர் எத்தனையோ கேட்கறாங்க. நான் கேட்கறது ஒரு பல்லு. அது விழறதுக்குள்ள ஆபீஸ்ல ஒரு கத்தி குடுத்துடணும், அவ்வளவுதான்."

கடவுள் கேட்டார். ஆனால் அவரும் முறைப்படி, மேலிடம் வழியாகத்தான் அனுப்பினார்.

அலுவலகத் தலைவர் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். வரும்போது சட்டைப்பையில் அடங்குகிற ஒரு மடக்குக் கத்தி கொண்டு வந்தார். பழைய காலத்து அமைப்பாம். தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அதை விரித்து, ஓர் ஆப்பிளைத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிக் காட்டினார். அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததாம். ஆப்பிளை அவர் சாப்பிட்டார். தோலை உதவியாளர் ஒருவர் பயபக்தியோடு எடுத்துப் போனார்.

அடுத்த நாள் முதல் அங்கே வேறு பேச்சே இல்லை. அது வரைக்கும் கத்தி என்றால் அடுப்படியில் கிடக்கும் சாமான். இப்போது அது பாரம்பரியம். இடுப்பில் பாரம்பரியம் இல்லாதவர் மனிதரே இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு கத்திப் பட்டறைக்காரரைக் கண்டுபிடித்தார்கள். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: "சேர்ந்து ஆர்டர் குடுத்தா செய்யறேன். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆளுக்கொரு மாதிரின்னா ஆகாது."

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. 'பாரம்பரிய மடக்குக் கத்தி அமைப்புத் தேர்வுக் குழு' என்று பெயர். பதிவறை சார்பில் எங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டே, "கவலையை விடு. இனிமே இதுக்கு ஓய்வுதான்" என்றார். நான் பாயசம் வைத்தேன். கடிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

பட்டறைக்காரர் நாலு வகை மாதிரி கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். மாலுமிக் கத்தி: வாய் நேராக, முனை மழுங்கலாக, கயிறு அறுப்பதற்கென்றே செய்தது. மேய்ப்பர் கத்தி: பெரியதும் சிறியதுமாய் மூன்று அலகு. தோட்டக்காரர் கத்தி: வளைந்த மூக்கு. எழுத்தர் கத்தி: மெல்லியது, இறகுப் பேனா சீவின காலத்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு மாலுமிக் கத்தியைக் கண்டதும் கண் கலங்கிவிட்டதாம். "சார், இதுதான் சார் நூல் அறுக்க வசதி" என்றார்.

நிர்வாகக் கண்காணிப்பாளர் ஒருவர் உண்டு. தூக்கத்திலும் விதி எண் சொல்லுவார் என்பதால் அவருக்கு விதிப்புலி என்று பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம அலுவலகத்துல கடல் இருக்கா?"

"இல்லை சார்."

"கப்பல்?"

"அதுவும் இல்லை சார்."

"அப்ப மாலுமிக் கத்தியை எந்த அடிப்படையில வாங்கறது? நாளைக்குத் தணிக்கையில கேட்டா நீங்க வந்து நீந்திக் காட்டுவீங்களா?"

"மேய்ப்பர் கத்தி?" என்று பெரியவர் கேட்டார்.

"மாடு இல்லையே சார்."

"தோட்டம் இருக்கே. மாடிப்படிக்குக் கீழ ஒரு தொட்டியில செடி."

"அது பிளாஸ்டிக் செடி சார்," என்றார் கணக்குப் பிரிவு அம்மாள். அந்தம்மாள் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவர் இல்லை. "எழுத்தர் கத்தி எடுத்துக்கலாமே? நமக்கும் அதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு."

விதிப்புலிக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுத்தர்னு பேர் இருக்கற கத்தியை அதிகாரிங்க எப்படிம்மா வெச்சுக்கறது? பதவி இறக்கம் மாதிரி ஆயிடாதா? அதுவும் எல்லாருக்கும் ஒரே கத்தி!"

இப்படியே பல கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பழைய கோப்பு வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கோப்பும் கட்டுக்குள் இருந்தது. ஆகையால் கத்தி வாங்குவதற்கான ஒவ்வொரு கட்டையும் எங்கள் வீட்டுக்காரர் பல்லால் கடித்துத்தான் எடுத்துக் கொடுத்தார். பல் முன்னும் பின்னும் ஆடினது போய் இப்போது பக்கவாட்டிலும் ஆட ஆரம்பித்தது. வெளியூரில் இருக்கும் என் மகள் தொலைபேசியில், "அம்மா, அப்பாவை வேலைக்கு அனுப்பறியா, சண்டைக்கு அனுப்பறியா?" என்று கேட்டாள்.

கடைசியில் கணக்கம்மாதான் வழி கண்டுபிடித்தார். நாலு கத்தியையும் மடக்கி வரிசையாக வைத்தார். "பாருங்க சார். மூடியிருக்கறப்ப எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. விரிச்சாத்தானே மாலுமி, மேய்ப்பர்னு பிரிவினை வருது?"

குழு இதை எழுந்து நின்று வரவேற்றது. 'தேர்வு செய்யப்படும் கத்தியின் அமைப்பு மூடிய நிலையில் மட்டுமே பரிசீலிக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. மூடியிருந்த நாலில் பிடி நிறம் அலுவலகக் கதவின் நிறத்தோடு ஒத்துப்போன ஒன்றைப் பெரியவர் எடுத்தார். இறைவன் செயலைப் பாருங்கள், அது மாலுமிக் கத்தி! எங்கள் வீட்டுக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சொன்னால் மாற்றிவிடுவார்களே என்று பயம்.

ஒப்புதல் பெற்ற மாதிரியை யாரும் மாற்றிவிடாதபடி முத்திரை வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். துடைப்பம் வாங்கினாலும் வைப்பார்கள், நாற்காலி வாங்கினாலும் வைப்பார்கள். விதிப்புலி தன் கையாலேயே அரக்கை உருக்கி, மூடிய கத்தியின் மேல் ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தினார். அரக்கு சரியாக அலகுக்கும் பிடிக்கும் நடுவில், இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்தது. மிகவும் நேர்த்தியாக இருந்ததாம்.

பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அரக்கும் சேர்த்தா சார்?"

"ஒப்புதல் பெற்ற மாதிரியில இம்மியும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"சரிங்க," என்று அவர் போய்விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். நான் பல்லுக்காகச் செய்த பிரார்த்தனையைப் பிள்ளைகள் பரீட்சைக்குக்கூடச் செய்ததில்லை. சோற்றைக் குழைய வடித்தேன். ரொட்டியைப் பாலில் ஊற வைத்தேன். "கட்டு கேட்டு யாரும் வராம இருக்கணும்" என்று காலையும் மாலையும் வேண்டினேன். சும்மா சொல்லக் கூடாது, பல்லும் தன் பங்குக்கு மிகுந்த பொறுப்போடு நின்றது.

கத்தி வந்த அன்று விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் பெரிய பெட்டி. அதைச் சுற்றி நூல். நூலின் மேல் முடிச்சு. முடிச்சின் மேல் முடிச்சு.

பெரியவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நம்ம பதிவறைக்காரர் இருக்காரே!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாதி எழுந்துவிட்டேன். "என்னங்க, வேண்டாங்க!" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'இதுதான் கடைசி, உள்ளேதான் கத்தி இருக்கே' என்கிற சிரிப்பு. குனிந்து கடித்தார். நூல் அறுந்தது. கூடவே பல்லும் வந்துவிட்டது.

கைக்குட்டையில் பல்லை வைத்துக்கொண்டு, மறு கையால் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். நகத்தை வைத்து இழுத்தார். வரவில்லை. விரல் இறுகியிருப்பதால்தான் என்று நினைத்துப் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் இழுத்தார், அவர் நகம்தான் வந்தது.

பட்டறைக்காரர் அரக்கின் உருவத்தை அப்படியே செம்பில் வார்த்து, ஆணி அடித்து, அலகையும் பிடியையும் சேர்த்து இறுக்கியிருந்தார். ஒவ்வொரு கத்தியிலும். அந்தச் செம்பில் விதிப்புலியின் கட்டைவிரல் ரேகைகூட அச்சாக விழுந்திருந்தது. விதிப்புலி தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"திறக்கலையே?" என்றார் பெரியவர்.

விதிப்புலி மாதிரியை வரவழைத்து ஒப்பிட்டார். "மாதிரியும் திறக்கலை சார். முற்றிலும் சரியா இருக்கு."

"கத்தின்னா திறக்க வேண்டாமா?"

"மூடிய நிலையிலதானே சார் ஒப்புதல் குடுத்தோம். திறந்தா விதிமீறல். அதோட, திறக்காததால யாருக்கும் கையில காயம் படாது. இவ்வளவு பாதுகாப்பான கத்தி எந்த அலுவலகத்துலயும் இருக்காது."

பெரியவர் யோசித்தார். பிறகு சபையைப் பார்த்து, "திறக்கற கத்திதான் வேணும்னு நினைக்கறவங்க கை தூக்கலாம். மறுபடி குழு அமைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் அதற்குள் கத்தியை இடுப்பில் செருகிவிட்டிருந்தார்கள். நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கை கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தது.

வரும் வழியில் கேட்டேன். "ஏங்க, நீங்களாவது தூக்கியிருக்கக் கூடாதா?"

"யாருமே தூக்கலையே," என்றார். காற்றுப் போகிற குரலில். "நீ முன்வரிசையிலதானே இருந்தே. நீ தூக்கறதுதானே?"

கடைக்குப் போக நேரமாகிவிட்டது என்றேன்.

இப்போது அந்தக் கத்தியை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, திறக்க மாட்டேங்குது?" என்றார்.

"திறக்கற கத்தி கடையில யார் வேணும்னாலும் வாங்கலாமே," என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது அந்தப் பேச்சு. மறுவாரம் அவர் தன் கணவரிடம், வாங்கினால் திறக்காத கத்திதான் வாங்க வேண்டும் என்று சண்டை போட்டது எங்கள் வீடு வரை கேட்டது. வேறு அலுவலகங்களிலிருந்தும் பட்டறைக்காரருக்கு ஆர்டர் குவிகிறதாம். ஆனால் கட்டைவிரல் ரேகை எங்கள் கத்தியில் மட்டும்தான் அசல்.

பல் போன விஷயத்தில் அலுவலகம் நன்றி மறக்கவில்லை. கத்தரிக்கோல்கூட இல்லாத மற்றப் பிரிவுகளிலும் எல்லோரும் பல்லால்தான் வேலை பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பலருக்கும் பல் இல்லை. அதனால் சேர்ந்து ஆர்டர் கொடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பல்செட் வாங்கித் தரக் குழு அமைத்திருக்கிறார்கள். குடும்பப் பிரதிநிதியாக என்னையும் சேர்த்தார்கள். நேற்று போயிருந்தேன். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "வாங்கம்மா" என்று மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

மாதிரிப் பல்செட்டை மேசையில் வைத்திருந்தார்கள். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்து, நடுவில் சிவப்பாக அரக்கு முத்திரை. மிகவும் நேர்த்தியாக இருந்தது.

கடவுளை வேண்டிக்கொண்டு நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.