மோன்ரிவாவும் முன் அறையும்

இந்த வருஷம் எது போனாலும் சரி, முன் அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அமலநாதன் முடிவு செய்திருந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பத்தொன்பது வருஷம் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்தவர். பின்வாங்கி நடப்பது அவருக்குப் புதிதல்ல. வீட்டிலும் அப்படித்தான். அவருடைய சாய்வு நாற்காலி, மனைவி அகஸ்டினா தைக்க வேண்டிய துணிகளுக்குப் போயிற்று. அலமாரியின் மேல்தட்டு மாதா சுரூபத்துக்குப் போயிற்று. கட்டிலுக்கு அடியில் இருந்த இடம் புளிப்பானைக்குப் போயிற்று. மிச்சம் இருந்தது தெருப்பக்கம் இரண்டு ஜன்னல் வைத்த அந்த அறைதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்.

அந்த அறைக்கு ஆபத்து காரைக்காலிலிருந்து ஒரு கடிதமாக வந்தது. மகள் ஆனந்தமேரி தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் வருகிறாள். பின் அறையில் அவளைப் படுக்க வைக்க முடியாது. ஒரு பக்கம் அடுப்புப் புகை. இன்னொரு பக்கம் ஐப்பசி பிறந்தால் ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர். காற்று வருகிற அறை முன் அறைதான்.

அகஸ்டினா சண்டை போடுகிறவள் அல்ல. சண்டை போட்டால் அமலநாதன் சமாளித்துவிடுவார். அவள் பெருமூச்சு விடுவாள். கடிதம் வந்த நாளிலிருந்து சோறு போடும்போது ஒன்று, தண்ணீர் மொள்ளும்போது ஒன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது ஒன்று என்று விட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தானே, அறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாமே என்று அமலநாதன் சொல்லிப் பார்த்தார். உங்கள் சுருட்டுப் புகை புதன்கிழமை வரைக்கும் போகிறதில்லை, பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் நடப்பது வேறெதுவும் இல்லை, மோன்ரிவாதான்.

மோன்ரிவா பிரான்ஸ் தேசத்தின் தெற்கே ஒரு சின்ன ஊர். பட்டாளத்தில் இருந்தபோது அமலநாதனும் பக்கத்து வீட்டுப் பிரகாசமும் இரண்டு வருஷம் அங்கே இருந்தார்கள். அந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ரக்பி ஆடுகிற அணி ஒன்று உண்டு. பந்து பப்பாளிப் பழம் மாதிரி நீண்டிருக்கும். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும், எறிவதென்றால் பின்னால்தான் எறிய வேண்டும். நடுவில் யார் மேல் யார் விழுந்தாலும் கேள்வி கிடையாது. அமலநாதனும் பிரகாசமும் அதைப் பார்த்தது மொத்தமே ஆறு ஆட்டம். பைத்தியம் பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பைத்தியம் இறங்கவில்லை. மோன்ரிவாவில் செருப்புக்கடை வைத்திருக்கும் பழைய கூட்டாளி ஒருவன், விளையாட்டுப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே கட்டாகக் கப்பலில் அனுப்புவான். செப்டம்பரிலிருந்து மே வரைக்கும் முழு ஆட்டப் பருவமும் அந்தக் கட்டுக்குள் இருக்கும். ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிடலாம். ஆனால் இவர்கள் அப்படிச் செய்வதில்லை. வாரத்துக்கு ஒரு பத்திரிகைதான். அங்கே நடந்த மாதிரியே செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிப்பார்கள். மோன்ரிவாக்காரன் போன வருஷம் பட்ட பாட்டை, புதுச்சேரியில் இவர்கள் சரியாக ஒரு வருஷம் தள்ளிப் படுவார்கள்.

அதற்குக் காவல் சின்னக்கண்ணு. வைத்திக்குப்பத்து மீனவர். ரக்பியைக் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் பிரகாசம் சொல்லக் கேட்டதுதான். இருந்தாலும் மூன்று பேரில் அவருக்குத்தான் பக்தி அதிகம். கட்டு வந்த அன்றைக்கே அதை வலை முடிச்சுப் போட்டுக் கட்டுவார். ஞாயிறுதோறும் அவரே அவிழ்ப்பார், மேலே இருக்கும் ஒரு பத்திரிகையை எடுப்பார், திரும்பக் கட்டுவார். வேறு யாரும் அந்த முடிச்சைத் தொடக்கூடாது. நாலாவது ஆளாக இருந்த தெய்வசிகாமணி ஒரு தடவை தொட்டார். முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் அன்றோடு அவரைச் சேர்க்கவில்லை. இன்றைக்கும் பெரிய மார்க்கெட்டில் எதிரே வந்தால் இவர்கள் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அகஸ்டினாவின் கைராசி. அவள் வடை சுட்ட ஞாயிறு மோன்ரிவா ஜெயிக்கும். சுண்டல் செய்த ஞாயிறு தோற்கும். ஐந்து வருஷமாகத் தப்பியதே இல்லை. ஒரு தடவை பிரகாசம் உளுந்தைத் தானே வாங்கிக்கொண்டு வந்து கெஞ்சினார். அவள் இடுப்பு வலிக்கிறது என்று சுண்டலே செய்தாள். மோன்ரிவா தோற்றது. அதிலிருந்து அவளிடம் அவர்களுக்கு ஒரு பயம்.

சனிக்கிழமை அகஸ்டினா மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் அமலநாதன் முன் அறைக் கதவைச் சாத்தினார். தகரப் பெட்டியைத் திறந்தார். பத்திரிகைக் கட்டை வெளியே எடுத்தார்.

திட்டம் இதுதான். முதல் ஆட்டத்தின் முடிவைப் பார்த்து வைத்துக்கொள்வது. பிறகு அதன் மேல் அகஸ்டினாவிடம் பந்தயம் கட்டுவது. தோற்கவே முடியாத பந்தயம். பெண்டாட்டியை எதிர்த்த பழியும் வராது, அறையும் போகாது.

முடிச்சை அவிழ்த்தார். மேல் பத்திரிகையை விரித்தார். மோன்ரிவா ஐந்து புள்ளி. எதிராளி இருபத்தேழு.

அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். வருஷம் முழுக்கக் காத்திருந்து, துக்கத்தைத் தானே முன்கூட்டிப் போய் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. போகட்டும், முதல் ஆட்டம்தானே, இன்னும் எத்தனையோ ஞாயிறு இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார். கட்டைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தபோதுதான் அடுத்த துக்கம். வலை முடிச்சு வரவில்லை. இப்படிச் சுற்றினார், அப்படி இழுத்தார். விரல் சிவந்ததே தவிர முடிச்சு விழவில்லை. தெருவில் அகஸ்டினாவின் குரல் கேட்டது. பட்டாளத்தில் பூட்ஸ் கயிறு கட்டுகிற முடிச்சைப் போட்டு, கட்டைப் பெட்டிக்குள் தள்ளி மூடினார்.

சாயங்காலம் பேச்சை ஆரம்பித்தார். "இந்தா, அகஸ்டினா. நீயும் பெருமூச்சு விட்டு அலுத்துட்ட. ஒரு பந்தயம் வச்சுக்குவோம். நாளைக்கு முதல் ஆட்டம். மோன்ரிவா ஜெயிச்சா அறை ஆனந்தமேரிக்கு. தோத்தா எங்களுக்கு."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "மோன்ரிவா தோத்தாவா?"

"தோத்தாதான். நம்ம ஆளுங்க எங்க தோக்கப் போறாங்க? உனக்குச் சாதகமாத்தானே சொல்றேன்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். பெருமூச்சு வரவில்லை. அமலநாதனுக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கட்டை அவிழ்ப்பதற்கு முன் வரப்போகிற பருவத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். பிரகாசம், சுவரில் ஒட்டியிருந்த அணிப் படத்தின் முன்னால் நின்று விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். தலைவனுக்கு முழங்கால் சரியாகிவிட்டது என்று செருப்புக்கடைக் கூட்டாளி கடிதத்தில் எழுதியிருந்தான். புதிதாக வந்திருக்கிற உதைப்புக்காரன் கறிக்கடைக்காரன் மகன், ஐம்பது கஜத்திலிருந்து கம்பத்துக்கு நடுவில் போடுவான். இந்த வருஷம் முதல் இடம், தவறினால் இரண்டாவது. அதற்குக் கீழே பேச்சே இல்லை.

சின்னக்கண்ணு படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "இந்தக் கடைசி ஆளு தொடையப் பாருண்ணே. கரவலை இழுக்க வந்தான்னா மூணு பேரு பங்க அவன் ஒருத்தனுக்கே குடுப்பேன். இவனை வச்சிக்கினு தோத்தா, மத்தவங்க இன்னா செய்யறாங்கன்னு கேக்கணும்."

வழக்கமாக முதலில் பேசி கடைசியில் முடிக்கிறவர் அமலநாதன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயரைக் கேட்கும்போதும் ஐந்து, இருபத்தேழு என்று காதில் விழுந்தது. அதற்கு நடுவே அந்த முடிச்சு. கண் ஏமாந்தாலும் சின்னக்கண்ணுவின் விரல் ஏமாறாது.

"இன்னாண்ணே, உடம்பு சரியில்லியா?" என்று பிரகாசம் கேட்டார்.

"வெயிலு" என்றார் அமலநாதன். வெளியே மேகம் போட்டிருந்தது.

அகஸ்டினா தட்டோடு வந்தாள். சுண்டல். பிரகாசத்தின் முகம் சுருங்கியது. "அண்ணி, முதல் நாளே இப்படிப் பண்ணலாமா?"

"முடியல தம்பி. யாரு அரைக்கறது?"

சின்னக்கண்ணு பெட்டியைத் திறந்தார். குனிந்து கட்டைத் தூக்கினார். அமலநாதனுக்குத் தெய்வசிகாமணியின் முகம் நினைவுக்கு வந்தது. மார்க்கெட்டில் தன்னைப் பார்த்ததும் கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பும் இரண்டு தலைகள் தெரிந்தன.

"இருங்க தம்பி" என்றாள் அகஸ்டினா, கதவில் சாய்ந்துகொண்டு. "முடிச்சுல கை வைக்கிறதுக்கு முன்ன அவரு ஏதோ சொல்லணும்னாரு. அறை விஷயமா. சொல்லுங்களேன்."

அமலநாதன் அவளைப் பார்த்தார். அவள் கட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று பட்டாளத்துக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். மோன்ரிவா பெரிதுதான், ஆனால் பெற்ற மகள் அதைவிடப் பெரிது, இன்றோடு இந்த அறை ஆனந்தமேரிக்கு, அடுத்த வாரத்திலிருந்து பிரகாசம் வீட்டுக் கூடத்தில் கூடலாம் என்று சொல்லி முடித்தார். பிரகாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனைப் போல மனசு யாருக்கு வரும் என்றார். எங்கே கூடினால் என்ன, கட்டை இப்போதே நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் சின்னக்கண்ணு. ஆனால் இன்றைக்கு உரியதைப் படித்துவிட்டுத்தான் என்று சொல்லி, முடிச்சில் கை வைத்தார்.

அமலநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், இதான் நம்ம முடிச்சு. கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்" என்றார் சின்னக்கண்ணு. ஒரு இழுப்பில் கட்டு அவிழ்ந்தது.

அமலநாதன் கண்ணைத் திறந்தார். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

மோன்ரிவா ஐந்து. எதிராளி இருபத்தேழு. பிரகாசம் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கவில்லை. ஆறு மணிக்கெல்லாம் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி இரண்டு பேரும் போனார்கள். பாதிச் சுண்டல் மிச்சம். பந்தயத்தில் ஜெயித்து அறையைத் தோற்ற அமலநாதன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அகஸ்டினா தட்டுகளை எடுக்க வந்தாள்.

"அந்த முடிச்சு..." என்று இழுத்தார்.

"நான்தான் போட்டேன். நேத்தே. நீங்க போட்டது பெட்டியத் திறந்ததுமே பல்லக் காட்டுச்சு."

"உனக்கு வலை முடிச்சு எப்படித் தெரியும்?"

"மீன் கொண்டாரச்ச சின்னக்கண்ணு பெஞ்சாதி சொர்ணம் சொல்லிக் குடுத்தா. அஞ்சு வருஷமாச்சு."

"அஞ்சு வருஷமா? எதுக்கு?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். "கட்டு வந்த மறுநாளே பிரிச்சு எல்லாத்தையும் பாத்துடுவேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது. கன்னியாஸ்திரிங்க மூணாங் கிளாஸ் வரைக்கும் எண்ணு சொல்லிக் குடுத்தாங்க, ஊர்ப் பேரு சுவத்துப் படத்துல இருக்கு, அது போதும். ஜெயிச்சா எட்டு மணி வரைக்கும் உக்காந்து பேசுவீங்க. பசிக்கும். வடை வேணும். தோத்தா ஆறு மணிக்கு எழுந்து போயிடுவீங்க. அதுக்கு எதுக்கு நான் இடுப்பொடிய உளுந்து அரைக்கணும்?"

அமலநாதன் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். அறை போனது போகட்டும். கைராசியும் போனது போகட்டும். மோன்ரிவா இருக்கிறது. தோற்றது ஒரு ஆட்டம்தான், முழுப் பருவமும் முன்னால் கிடக்கிறது. சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"அடுத்த வாரம் வடைதானே?"

அகஸ்டினா தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"காலைப் பூசையிலயே பிரகாசம் பெஞ்சாதிகிட்டச் சொல்லிட்டேங்க. மே மாசம் வரைக்கும் உளுந்து ஊறப் போட வேணாம், கடலையே போதும்னு."