அம்பத்தூர் எஸ்டேட்டின் ஆஸ்தான கவி

தேவபாஷை தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1991-இல் அது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பம்புசெட்டு கம்பெனியின் ஸ்டோர் ரூமில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே நல்ல தேகசுகத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அதைப் போஷித்து வந்தவர் ஸ்டோர் கீப்பர் வேலுசாமி. 'சக்திதர கவி' என்பது அவர் தமக்குத் தாமே மனமுவந்து வழங்கிக்கொண்ட பட்டம்.

அந்தக் கம்பெனியில் எந்த அதிகாரி ரிட்டயர் ஆனாலும் மாலை, குத்துவிளக்கு, மிக்சர் பொட்டலம், அப்புறம் சக்திதர கவியின் சமஸ்கிருத வாழ்த்து. கண்ணை மூடி, வலக்கையால் காற்றைப் பிசைந்தபடி பாடுவார். ஒருவருக்கும் ஒரு சொல் புரியாது. அதில்தான் மரியாதையே இருக்கிறது. புரிகிற பாஷையில் புகழ்ந்தால் பொய் என்று தெரிந்துவிடுமே!

அங்கே டைப்பிஸ்டாக இருந்த வடிவு, அவள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவள் அப்பா துலுக்கானம் அதே கம்பெனி கேண்டீனில் அண்டா கழுவினார். அவருக்கும் ஜெனரல் மேனேஜர் பாஸ்கரனுக்கும் ஒரே நாளில் ரிட்டயர்மென்ட், ஒரே மேடையில் விழா. செலவு மிச்சம்.

"அம்மாடி, ஆபீசருங்களுக்கு வேலுசாமி சார் ஒண்ணு ஓதுறாரே, அத்த எனக்கும் ஓதச் சொல்லேன்" என்றார் துலுக்கானம். அவர் வாழ்க்கையில் மகளிடம் கேட்ட முதல் உதவி அது.

"உனக்கு இன்னா புரியும்ப்பா?"

"அவங்களுக்கு மட்டும் புரிஞ்சுதா? அயுவுறாங்க இல்ல?"

வடிவு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கவி உதட்டைப் பிதுக்கினார்.

"துலுக்கானம்... இந்தப் பேரு சந்தத்துல உக்காராதும்மா."

"நிக்கட்டும் சார். முப்பது வருசமா நின்னுகினுதான கீறாரு."

"இது தேவபாஷை. அண்டா கழுவுறதுக்கெல்லாம் அதுல வார்த்தை கிடையாது."

"பம்புசெட்டுக்குக் கீதா?"

கவி இதைக் காதில் வாங்காமல் போல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தார். வடிவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவள் கல்லூரியில் இரண்டாம் மொழியாக எடுத்தது சமஸ்கிருதம். பக்தி ஒன்றும் இல்லை. மார்க் கொட்டும், பதிலை இங்கிலீஷிலேயே எழுதலாம் என்று சொன்னார்கள், எடுத்தாள்.

"சார், நீங்க எல்லாருக்கும் படிக்கிறது எங்க காலேஜ் புக்குல நாலாம் பாடம். யானையப் பத்தினது."

போல்ட் ஒன்று உருண்டு ஓடியது. "யா... யானையா?"

"முறம் மாதிரி காது, தூணு மாதிரி காலு, வண்டி வண்டியா கரும்பு துன்னும். யானைன்னு வர்ற எடத்துல ஆபீசர் பேரு."

"ஐயையோ! எதிரூட்டு ஹில்டா பரிட்சைக்குக் கத்திக் கத்திப் படிக்கும்மா. நான் கேட்டு எழுதிகினேன். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்துது. சாமி பேரு போலன்னு எடுத்துட்டு இவங்க பேரப் போட்டேன். வெளிய சொல்லிடாத தாயி! ஆளாளுக்கு அத்த எழுதி வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிகினு கீறாங்க."

ஆபத்து வந்ததும் தேவபாஷை போய், தாய்பாஷை வந்துவிட்டது.

"சொல்லல. யானைய எங்கப்பாவுக்குப் படிங்க."

"அப்ப ஜி.எம்.முக்கு?"

"அஞ்சாம் பாடம் எழுதித் தரேன்."

ஐந்தாம் பாடம் கழுதையைப் பற்றியது. காதின் நீளம், குரலின் கம்பீரம், பின்னங்காலின் வீரம், எதையும் அந்தப் பாடம் விட்டுவைக்கவில்லை. கவி எந்த மிருகம் என்று கேட்கவில்லை. மகாகவிகள் அற்ப விவரங்களில் இறங்குவதில்லை. கழுதை வரும் இடமெல்லாம் வடிவு தன் கையாலேயே 'பாஸ்கரன்' என்று போட்டுக் கொடுத்தாள்.

விழாவில் ஐந்தாம் பாடம் முழங்கியது. முதலாளி "பேஷ்!" என்றார். ஜி.எம். தலையாட்டித் தலையாட்டி ரசித்தார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. இரண்டு கையாலும் குத்துவிளக்கைப் பிடித்திருந்த துலுக்கானத்தால் மட்டும் தட்ட முடியவில்லை.

அடுத்து யானை. துலுக்கானத்தின் பெயர் சந்தத்தில் சம்மணம் போட்டே உட்கார்ந்தது. குத்துவிளக்கின் மேல் அவர் கண்ணீர் சொட்டியது.

பூந்தமல்லி பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்: "எம்மேல இன்னா சொன்னாரும்மா?"

"யானை மாதிரின்னாருப்பா."

"கரீட்டா கண்டுகினாரு பாரு! அவ்ளோ பெரிய அண்டாவ ஒத்த ஆளா தூக்குவேன் இல்ல?" என்றவர், அன்று சீட்டில் கொஞ்சம் அகலமாகவே உட்கார்ந்து வந்தார்.

திங்கட்கிழமை கவி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வடிவு! ஜி.எம். பையன் கல்யாணத்துல அதே அஞ்சாம் பாடத்தப் படிக்கணுமாம். 'எங்க வம்சத்துக்கே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு'ன்னு அந்தம்மா சொல்லி அனுப்பிருக்காங்க. இப்பவாவது சொல்லும்மா, அது யாரப் பத்தினது?"

வடிவு டைப்ரைட்டரிலிருந்து காகிதத்தைச் சரக்கென்று உருவினாள்.

"அன்னிக்கு எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்களே சார், அவங்களப் பத்தினது."