காந்தர்ட கார்

திருகோணமலையில் யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை என்று சொல்ல நூறு பேர் இருந்தார்கள். யார் வீட்டு மாட்டுக்கொட்டிலில் எந்தக் கார் படுத்திருக்கிறது என்று சொல்ல உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் காந்தர். அவரைப் பார்த்து நான் எரிந்த எரிச்சலைச் சேர்த்து வைத்திருந்தால், மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தச் சண்டைக் காலத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் விளக்கெரித்திருக்கலாம்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு காந்தத்துண்டு தொங்கும். பழைய கார் ஒன்று விலைக்கு வந்தால், அந்தக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் காரின் உடம்பெல்லாம் ஒற்றி எடுப்பார். தகரமென்றால் ஒட்டும். துருவேறிய ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் விழுந்துவிடும். பிறகு கதவைத் திறந்து மூக்கை நுழைப்பார். "இதுக்குள்ள கோழி அடை கிடந்திருக்கு" என்பார். விசாரித்தால் கிடந்திருக்கும்.

கார்களை அவர் மூன்று சாதியாகப் பிரித்தார். உயிரோடு இருப்பவை, உயிர் கொடுக்கக்கூடியவை, எரித்துக் காடாத்த வேண்டியவை. புல்மோட்டைக்காரர் ஒருவர் மினுக்கி மினுக்கிக் கொண்டுவந்த காரைப் பார்த்துவிட்டு, ஒழுங்கை முடக்கில் வைத்து என் காதுக்குள் சொன்னார்: "வெளியில கலியாண வீடு தம்பி, உள்ளுக்குச் செத்தவீட்டு எட்டுச்செலவு."

அந்த நாளில் கார் வைத்திருந்தவர்கள் அதை ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள். அவசரமென்று துவக்கோடு யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே நாலு சில்லையும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, காரின் மேல் கிடுகை அடுக்கிவிடுவார்கள். காந்தர் சைக்கிளில் போகிற போக்கிலேயே கண்டுபிடிப்பார். "கேற் பெரிசு, முத்தத்தில சைக்கிள் மட்டும் நிக்குது. அப்ப பின்னுக்கு என்னவோ படுத்திருக்கு." எனக்கும் அதே கேற்றுகள்தான், அதே இரண்டு கண்தான். எனக்குக் கேற் மட்டுமே தெரிந்தது.

துறைமுகத்தில் நான் கிளாக்கர். எனக்கு ஒரே ஆசை, ஒரு மொறிஸ் மைனர். சைக்கிள் கரியரில் மனைவியை ஏற்றிக்கொண்டு போய், ஆமிக்காரர் மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறக்கி நடக்கவிட்டு, மறுபடி ஏற்றி அலுத்துப்போயிருந்தேன். ஒருதரமாவது அவளை முன்சீற்றில் இருத்திக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆசைப்பட்டது நான். ஊர்க் கார்களெல்லாம் தேடிப்போனது, கார் வேண்டுமென்று ஒருநாளும் சொல்லாத காந்தரை. வீட்டிலும் அவர் புராணம்தான். "இஞ்சாருங்கோ, இந்தச் சைக்கிள் ஏன் கிறீச்சிடுதெண்டு காந்தர் அண்ணையைக் கேளுங்கோவன்" என்பாள் மனைவி.

காந்தரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சொந்தக்காரர் முன்னால் காரைக் குறை சொல்லமாட்டார். "பொம்பிளை பாக்கப் போன வீட்டில மூக்குச் சப்பை எண்டு சொல்லுவினமோ?" என்று கேட்பார். தீர்ப்பெல்லாம் தேத்தண்ணீரில்தான். கார் நல்லதென்றால், "ரெண்டு கரண்டி சீனி போடுங்கோ" என்பார். காடாத்த வேண்டியதென்றால், "எனக்குச் சீனி வேண்டாம்." கூடப்போனவர் அத்தோடு எழும்பிவிட வேண்டும்.

ஒருநாள் அவரே வந்தார். "தம்பி, உவர்மலையில ஒரு மைனர். இளைப்பாறின டீச்சர். மகளோட போய் இருக்கப்போறாவாம். வாரும்."

காரைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காந்தம் ஓரிடத்திலும் விழவில்லை. காந்தர் கைபிடியைப் போட்டு என்னை எஞ்சினைச் சுற்றச்சொல்லி, திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விறாந்தைக் கதிரையில் போய் இருந்தோம். குசினிக்குள்ளிருந்து டீச்சர் கேட்டார்: "சீனி எவ்வளவு போட?"

"எனக்குச் சீனி வேண்டாம், டீச்சர். இவருக்கும் வேண்டாம்."

என் தலையில் இடி விழுந்தது. காந்தம் ஒட்டினாலென்ன, காது எதையோ கண்டுபிடித்துவிட்டது! கசந்த தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்து, "யோசிச்சுச் சொல்லுறன் டீச்சர்" என்று எழும்பிவிட்டேன்.

என்ன பழுதென்று வழியில் கேட்கலாமென்றால், இறக்கத்துச் சென்றியில் காந்தரின் கழுத்துக் காந்தத்தில் பிடித்துக்கொண்டார்கள். இது என்ன, எதற்கு, யார் தந்தது? "நீர் போம் தம்பி, நான் வருவன்" என்றார் காந்தர். நான் நின்றிருக்க வேண்டும். பயத்தில் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை அவர் ஆமி ஜீப்பில் வந்து இறங்கினார். அதுவும் முன்சீற்றில்! ஜீப்பின் சத்தத்தைக் கேட்டு, எந்த வால்வு பழுதென்று சொல்லிக்கொடுத்தாராம். "பாத்தீங்களோ, கொண்டுபோனவங்களே கொண்டுவந்து விடுறாங்கள்" என்று மனைவி பூரித்தாள். எனக்கு வெட்கம் ஒருபக்கம், வயிற்றெரிச்சல் மறுபக்கம். அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

பத்தாம் நாள் மனைவி செய்தி கொண்டுவந்தாள். "டீச்சர்ட கார் காந்தர் அண்ணை வீட்டில நிக்குது!"

செருப்பும் போடாமல் லிங்கநகருக்குச் சைக்கிளை மிதித்தேன். காந்தர் முற்றத்தில் அதே மைனர், நாலு சில்லோடு. அவர் துணியால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அண்ணை! எனக்குக் கசந்த தேத்தண்ணி, உங்களுக்குக் காரோ?" என்று கத்தினேன்.

"நீர் ஏன் ஐசே திரும்பிப் போகேல்லை? டீச்சர் பாத்துக்கொண்டிருந்தவ. காரை இரும்புக்கு வெட்டி விக்கிற ஆள் ஒருத்தன் வந்து விலையும் பேசிட்டான்."

"நீங்கள்தானே சீனி வேண்டாமெண்டனீங்கள்!"

காந்தர் துணியைக் கீழே போட்டார். "அட கடவுளே. அந்த வீட்டில சீனி எங்கயப்பா? கண்டி றோட்டுப் பூட்டி ரெண்டு கிழமை. டீச்சர் குசினிக்குள்ள வெறும் சீனி ரின்னைக் கரண்டியால சுரண்டினவ. உமக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை. அன்று என் காதில் மைனரைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

"உமக்குக் காசு சரிவரேல்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். "அதைப் போய் ஒரு மனிசனிட்டக் கேக்கிறதோ? என்ர பசுவை வித்து டீச்சரிட்ட அச்சாரம் குடுத்து மறிச்சு வைச்சனான். மிச்சத்தை நீர் குடும்."

"உங்களுக்கு வேண்டாமோ?"

"எனக்கு என்னத்துக்கு? எனக்குக் கார் ஓடத் தெரியாது."

உவர்மலையிலிருந்து ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சென்றிக்காரரும் கொஞ்சத்தூரம் கை கொடுத்தார்களாம். ஊர்க் கார்களின் சாதகம் பார்த்த மனிதருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது! இவரைப் பார்த்தா இத்தனை காலம் எரிந்தேன்?

"அண்ணை, அண்டைக்கு உங்களைச் சென்றியில விட்டிட்டு வந்திட்டன்" என்றேன்.

"நீர் நிண்டு என்ன செய்யிறது? ரெண்டு பேரும் பட்டினி கிடக்கிறதோ?" என்று உள்ளே போனவர், தேத்தண்ணீரோடு வந்து என் உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்தார். "இஞ்சயும் சீனி இல்லை. நல்ல கார் தம்பி. கடியும்."

எப்படியோ பெற்றோல் தேடி ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம். முன்கதவைத் திறந்துவிட்டேன். "காந்தர் அண்ணை முன்னுக்கு இருக்கட்டும், சத்தம் கேக்க வேணும்" என்று சொல்லிவிட்டு மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டாம் கியர் விழவேயில்லை.

காந்தர் இப்போது இல்லை. கார் என்னிடம்தான் இருக்கிறது. கார்ப் புத்தகத்தில் என் பெயர், பெற்றோல் அடிப்பது நான். இருந்தும் சந்தியில் நிறுத்தினால் யாராவது கிட்ட வந்து, "இது காந்தர்ட கார் அல்லோ?" என்று கேட்பார்கள். பல வருசம் அதற்கும் வயிறெரிந்தேன். புத்தகத்தை எடுத்துக் காட்டியும் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "ஓம், காந்தர்ட கார்தான்" என்கிறேன். "நான் அவற்ற ட்றைவர்."